வெள்ளவத்தையில் அறை எடுத்துக்கொண்டு பல் மருத்துவம் படிக்க முடியுமா?

பல் மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன், வீட்டில் கொழும்பில் தமிழர் அதிகம் இருக்கும் வெள்ளவத்தையில்தான் அறை பார்க்கச் சொல்கிறார்கள், மாதம் 15,000 ரூபாய்க்குள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லவில்லை. கண்டிப் பக்கத்துப் பேராதனையாக இருந்தால் கொழும்பில் அறை தேடமாட்டீர்கள், அதனால் ஸ்ரீ ஜயவர்தனபுர என்றே எடுத்துக்கொள்கிறேன். வெளியூர்ப் பிள்ளை, கொழும்பில் சொந்தக்காரர் வீடு இல்லை, அப்பா அம்மாவுக்குப் பயம் என்பதும் கேள்வியிலேயே தெரிகிறது. நானும் அப்படித்தான் வந்தேன்.

வெள்ளவத்தையில் அந்த விலைக்கு இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து ஒரு கட்டில் கிடைக்கலாம். ஆனால் வேண்டாம். வாடகைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டம். அப்பா கொழும்பு கெய்சர் வீதித் துணிக்கடை ஒன்றில் பல வருடம் வேலை செய்தவர், இரவில் கடை மாடியிலேயே படுப்பார். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்களே, அப்போது அப்பா கொழும்பில்தான் இருந்தார். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. ஆனாலும் அந்த இரவு அப்பாவின் மனதை விட்டுப் போகவில்லை. 2021 கடைசியில் எனக்கு இடம் கிடைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நம்ம ஆளுங்க இருக்கிற இடத்துல இரு." அவருடைய பழைய முதலாளி மூலம் வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் அறை கிடைத்தது. மூன்று பெண் பிள்ளைகள், ஆளுக்கு 14,000 ரூபாய், சாப்பாடு இல்லை, கரண்ட் பில் தனி, இரண்டு மாத அட்வான்ஸ். மகாபொல புலமைப்பரிசில் அப்போது மாதம் 5,000 ரூபாய்தான். 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆனது. மீதியை அப்பா எப்படிச் சேர்த்தார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

வெள்ளவத்தையிலிருந்து கிருலப்பனைக்கு ஒரு பஸ், அங்கிருந்து 138 பஸ் பிடித்து, பல்கலைக்கழகத்துக்கு இறங்கும் விஜேராம சந்தி. எட்டு மணி வகுப்புக்கு ஆறேகாலுக்கு வெளிக்கிட வேண்டும். மற்றப் பீடத்துப் பிள்ளைகள் கொப்பியோடு ஏறுவார்கள். நமக்கு மெழுகுக் கட்டி, செதுக்கும் கத்திகள், ஸ்பிரிட் விளக்கு, பிளாஸ்டர் மொடல் எல்லாம் ஒரு பெட்டிக்குள். பொய்ப்பல் செட் செய்யும் பாடம் வரும்போது ஒவ்வொரு பல்லாக மெழுகில் அடுக்கி, மேல்தாடையும் கீழ்த்தாடையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்து, அரை மில்லிமீட்டருக்காக ஒரு இரவு முழுக்க உட்கார்ந்திருப்பீர்கள். அப்படி அடுக்கிய ஒன்றை மதிய வெயிலில் 138இல் மடியில் வைத்துக்கொண்டு போனேன். நுகேகொடையில் பஸ் அரை மணி நேரம் அசையவில்லை. கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தால் மெழுகு இளகி, முன்பற்கள் நான்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. திரும்ப முதலிலிருந்து. பீடத்துக்குப் பக்கத்தில் இருங்கள் என்று சீனியர்கள் தலைபாடாக அடித்துக்கொண்டது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதையும் சமாளித்தேன். கடைசியில் வெளியேற வைத்தது பிளாஸ்டர்.

பிளாஸ்டர் ஒஃப் பாரிஸைத் தண்ணீரில் கரைத்தால் பத்து நிமிடத்தில் இறுகத் தொடங்கும் என்று முதல் வாரத்திலேயே படித்துவிடுவோம். தண்ணீருக்குள்ளேயும் இறுகும் என்பதும் தெரியும். தெரிந்திருந்தும், கரைத்த ரப்பர் கோப்பையை நான் குளியலறை பேசினில் கழுவிக்கொண்டிருந்தேன். நிறையத் தண்ணீர் விட்டால் போய்விடும் என்று நினைப்பு. மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசின் நிரம்பி வழிந்தது. பிளம்பர் வந்து குழாயை அறுத்து, உள்ளே இருந்ததை வெளியே எடுத்து நிலத்தில் வைத்தார். வெள்ளை வெளேரென்று, குழாயின் வளைவு அப்படியே, பாம்பு சுருண்ட மாதிரி ஒரு கட்டி. பக்கவாட்டில் யாருடையதோ ஒரு நீள முடியும் ஒரு சோப்புத் துண்டும் அதற்குள் பதிந்திருந்தன. வீட்டுக்கார அன்ரி அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "என்ன பிள்ளை இது, நீர் படிக்கத்தானே வந்தனீர்?" என்றார். 6,500 ரூபாய் செலவு. நியாயம், என் பிழைதான், கட்டினேன்.

ஆனால் அதோடு அவர் அறையைப் பார்க்க வந்துவிட்டார். ஜன்னல் திட்டில் ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றில் முப்பது நாற்பது பற்கள் இருந்தன. பிடுங்கிய உண்மையான பற்கள். வேர்ச்சிகிச்சை பழக அவை வேண்டும், சாதாரண பிளாஸ்டிக் பல்லில் நரம்புக் குழாயின் வளைவு தெரியாது. ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, சுத்தம் செய்து, மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய சாமியறை. மச்சமே, அதாவது மீன் இறைச்சியே, சமைக்காத வீடு. "செத்த ஆக்களின்ட பல்லோ?" என்று கேட்டார். இல்லை அன்ரி, உயிரோடு இருப்பவர்களின் பல்தான் என்று நான் சொன்ன விளக்கம் எடுபடவில்லை. மாத முடிவுக்குள் காலி செய்யச் சொன்னார். அட்வான்ஸில் பாதி பெயின்ட் அடிக்க என்று கழிந்தது.

இதைப் படித்துவிட்டு வெள்ளவத்தைக்காரரைக் குறை சொல்கிறாள் என்று யாரும் கீழே எழுத வேண்டாம். அதே அன்ரிதான் 2022இல் காஸ் இல்லாமல் கடைகள் பூட்டிக் கிடந்தபோது மின்சார அடுப்பில் அவித்த இடியப்பத்தை எங்கள் மூவருக்கும் கொண்டுவந்து தந்தவர். பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில் தன் விளக்கைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தவர். அவருடைய வீடு, அவருடைய சாமியறை. எதை உள்ளே விடலாம் என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். முன்கூட்டியே சொல்லாதது நான்.

ஆனால் ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை. அறையைக் காலி செய்த அன்று, பெட்டி தூக்க உதவிய அவருடைய உறவினர் ஒருவர், "மெடிசினுக்கு புள்ளி காணாதோ பிள்ளை?" என்று கேட்டார். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்களும் இதை ஐந்து வருடம் கேட்கப் போகிறீர்கள். கலியாண வீட்டில், பஸ்ஸில், உங்கள் பழைய பள்ளிக்கூடத்தில் என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். பல் என்றால் மருத்துவம் கிடைக்காதவர்கள் போகும் இடமாம். எங்கள் தோட்டத்தில் வெற்றிலை போடாத வாயைக் காண்பது அரிது. கொழுந்து பறிக்கும் பெண்கள் பாக்கையும் புகையிலையையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார்கள். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னணியில் இருக்கிறது. பெண்களையும் அது விடுவதில்லை. கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு, வாய் சரியாகத் திறக்காமல் இறுகிப்போவது, ஆறாத ஒரு சிறு புண். இவற்றை முதலில் பார்க்கப் போவது பல் டொக்டர்தான். என் பாட்டிக்கு யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் நான் இந்தப் படிப்பை விரும்பி எடுத்தேன். மிச்சத்துக்கு எடுத்ததல்ல.

சரி, அறைக்கு வருவோம்.

அடுத்த அறையை என் பட்ச் சிங்களத் தோழி ஒருத்தியோடு நடந்து தேடினேன். இதுதான் நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள விஷயம்: மலிவான அறைகள் ஒன்லைன் விளம்பரத்தில் வருவதே இல்லை. விஜேராம, தெல்கந்த, கங்கொடவில, உடஹமுல்ல ஒழுங்கைகளில் லைட் கம்பத்திலும் பலசரக்குக் கடைக் கண்ணாடியிலும் "பெண் பிள்ளைகளுக்கு அறை" என்று சிங்களத்தில் கையால் எழுதி ஒட்டியிருப்பார்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புரோக்கரிடம் போனால் ஒரு மாத வாடகை அவருக்கே போய்விடும். போனில் கேட்பதைவிட நேரில் போவது நல்லது. போனில் என் பெயரைக் கேட்டதும் அறை போய்விட்டது என்றவர்கள் மூன்று பேர். அதே நாளில் வாசலில் போய் நின்றபோது உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் தந்தவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் நல்லவர், அந்தப் பக்கம் கெட்டவர் என்று பிரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. வெள்ளவத்தையிலும் அறை தேடும்போது ஒரு வீட்டில் "தோட்டமோ?" என்று கேட்டுவிட்டு யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்தப் பதில் இன்னும் வரவில்லை.

உடஹமுல்லவில் ஓர் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மாவின் வீட்டில் பின்பக்கத்து அறை கிடைத்தது. தனி வாசல், தனி பாத்ரூம், இரண்டு பேர், ஆளுக்கு 9,000 ரூபாய். 2023இல் 12,000 ஆனது, இப்போதும் அதுதான். முதல் நாளே என் தோழியை மொழிபெயர்க்கச் சொல்லி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: பிளாஸ்டர், மெழுகு, ஸ்பிரிட் விளக்கு, இரவு ஒன்று இரண்டு மணி வரை லைட். பற்களை அறைக்குக் கொண்டுவரமாட்டேன், பீடத்தில் லொக்கரில் வைப்பேன் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வீட்டின் பின்னால் போய், காதறுந்த ஒரு பழைய வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "துவ, இதுக்குள்ள ஊத்து" என்றார். துவ என்றால் சிங்களத்தில் மகள். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அன்றிலிருந்து கோப்பை, கத்தி எல்லாவற்றையும் அந்த வாளித் தண்ணீரில்தான் அலசுகிறேன். அடியில் படிந்து இறுகுவதை வாரத்துக்கு ஒரு முறை தட்டி எடுத்துக் குப்பைப் பையில் போட்டுவிடுவேன். நான்கு வருடமாகியும் ஒரு குழாய் அடைத்ததில்லை.

அப்பா முதல் தடவை வந்தபோது வாசலிலேயே நின்றார். டீச்சர் அம்மா கதிரை போட்டு, பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்தார். கெய்சர் வீதியில் பழகிய சிங்களத்தில் அப்பா ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். போகும்போது என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அதன் பிறகு வெள்ளவத்தை என்ற பேச்சை எடுத்ததும் இல்லை.

இன்னும் சில விஷயங்கள். நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியதும் கொழும்பு 7, வார்ட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரிப் பக்கம் போய்வர வேண்டி வரும். அப்போது கொழும்பு 7க்குப் பக்கத்தில் அறை தேட ஆசை வரும். பக்கத்துப் பொரளையில் கேட்கும் வாடகையை ஒரு தரம் விசாரித்தாலே அந்த ஆசை போய்விடும். களனிவெளி ரயில் பாதையில் நுகேகொடை, உடஹமுல்ல, நாவின்ன, பன்னிப்பிட்டி என்று ஸ்டேஷனுக்கு நடக்கக்கூடிய தூரத்தில் அறை எடுத்தால், கொட்டா ரோட் ஸ்டேஷனில் இறங்கி வார்ட் பிளேஸுக்குப் போகலாம். சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ்ஸைவிட மிக மலிவு. ரயில் மெதுவாகத்தான் போகும், காலையில் நிற்கவும் இடம் இருக்காது, ஆனால் 138 போகும் ஹைலெவல் வீதி நெரிசலில் மாட்டமாட்டீர்கள்.

லீவு மாதங்களுக்கு வாடகை பாதியா முழுதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2022 நடுவில் பெட்ரோல் இல்லாமல் வகுப்புகள் ஒன்லைனுக்குப் போனபோது ஊரில் இருந்துகொண்டே வெறும் அறைக்கு முழு வாடகை கட்டியவர்கள் எங்கள் பட்சில் பலர். அட்வான்ஸ் கொடுத்தால் ஒரு துண்டுக் கடதாசியிலாவது தொகையும் திகதியும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் வாங்கவில்லை, அதனால்தான் பெயின்ட் கணக்கில் பாதி போனது. பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பிக்க மறக்க வேண்டாம். கிடைத்தால் எதையும் யோசிக்காமல் போய்விடுங்கள், எல்லா வருடமும் எல்லோருக்கும் கிடைக்காது.

எனக்கு இது கடைசி வருடம். பரீட்சை முடிந்ததும் இந்த அறை காலியாகும். கூட இருக்கும் பிள்ளை இன்னும் ஒரு வருடம் இருப்பாள், நல்லவள், குறட்டை இல்லை. நீங்கள் பெண் பிள்ளை என்றால் உள்பெட்டியில் எழுதுங்கள், டீச்சர் அம்மாவிடம் சொல்லி வைக்கிறேன். வாளி பின்வாசலிலேயே இருக்கும்.