அழவில்லை என்பதற்காக

அன்புள்ள அக்காவுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு வைத்தியசாலையில் டொக்டராக இருக்கிறேன். இன்டர்ன் முடித்து இங்கே வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. போன மாரியில் டெங்குக் காய்ச்சலில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தோம். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று வீட்டில் வைத்திருந்துவிட்டுப் பிந்தித்தான் கூட்டி வந்தார்கள். வரும்போதே கைகால் சில்லிட்டிருந்தது. தாயிடம் நான்தான் போய்ச் சொன்னேன். சொல்லிவிட்டு வந்து அடுத்த கட்டில் நோயாளியின் விபரம் எழுதும் டிக்கட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்டர்ன் காலத்தில் முதல் மரணத்துக்கு விடிய விடிய அழுதவள் நான்.

வைகாசிக் கோயில் சடங்குக்கும் ஊருக்குப் போகவில்லை. அம்மா போனில் கலியாணப் பேச்சை எடுத்தால் எரிந்து விழுகிறேன். கூடப் படித்தவர்கள் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நித்திரை வராத இரவுகளில் நோயாளிகளைப் பற்றி ஒரு கொப்பியில் எழுதுகிறேன். அதைக் கதையாக்கி வெளியிடலாமா? கல்லாகிப் போனவளுக்கு எழுத்து எதற்கு, இந்த வேலைதான் எதற்கு என்றும் யோசிக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

மாரி போய் இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அந்தப் பிள்ளையின் கைகால் சில்லிட்டிருந்ததை எழுதியிருக்கிறீர்கள். தாயிடம் போய்ச் சொல்லும் வேலையை இன்னொருவர் தலையில் கட்டிவிடாமல் நீங்களே போயிருக்கிறீர்கள். கல்லாகிப் போனவர் இதைச் செய்யமாட்டார். அடுத்த கட்டிலில் படுத்திருந்தவருக்கும் அந்த நேரத்தில் ஒரு டொக்டர் தேவைப்பட்டார். நீங்கள் டிக்கட்டை எடுத்தது அவருக்காக.

வாட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரு வேளாண்மை வெட்டுக் காலத்தில் என் அக்காவின் புருஷனை வயல் வட்டைக்குள் புடையன் பாம்பு கடித்துவிட்டது. இரவு ட்யூட்டியில் உங்களைப் போல ஒரு இளம் டொக்டர். கடித்த இடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து மேசையில் நிமிர்த்தி வைத்தார். “ஒருத்தரும் தொடாதீங்க, இருவது நிமிஷம் அசையாம இருக்கணும்” என்று சொல்லிவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த நேரத்துக்குள் வேறு நாலு பேரைப் பார்த்துவிட்டு, சரியாகத் திரும்பி வந்து குழாயைச் சரித்தார். இரத்தம் உறையாமல் தண்ணீர் போல ஓடியது. “விசம் ஏறித்தான் இருக்கு. மருந்து ஏத்துறம். இந்த மருந்தே சில பேருக்கு ஒத்துக்கொள்ளாது, நடுக்கம் வரும், மூச்சு முட்டும். நான் இதிலதான் நிப்பன்” என்றார். சொன்னபடியே நின்றார். ஆறு மணித்தியாலம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்தார். மறுபடியும் இருபது நிமிடம். அக்கா தலையில் அடித்து அழுதுகொண்டிருந்தபோது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எங்களில் ஒருவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. அவர் கண் மணிக்கூட்டிலும் மச்சானின் மூச்சிலும் இருந்ததே எங்களுக்குப் போதுமாக இருந்தது. இன்றைக்கும் அக்கா வீட்டுக் கோயில் நேர்த்தியில் “அந்தத் தம்பி”க்கு ஒரு பங்கு உண்டு.

அந்தப் பிள்ளை பிந்தி வந்ததையும் நீங்கள் உங்கள் கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். படுவான்கரையில் பிந்துவதற்கு எத்தனையோ காரணம் இருக்கிறது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் ஆற்றைக் கடக்கப் ‘பாதை’ என்கிற மிதவைக்குக் காத்து நின்ற சனம் இது. இன்றைக்கும் உள்ளூரில் ஒருவர் இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட வேண்டுமென்றால் முதலில் ஓட்டோ கிடைக்க வேண்டும், பிறகு வழியில் யானை நிற்காமல் இருக்க வேண்டும். இதையெல்லாம் இருபத்தெட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி தன் தோளில் ஏற்றிக்கொள்வது நியாயமில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் நித்திரை. ட்யூட்டி இல்லாத இரவிலும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சண்டையிலும் 2004 சுனாமியிலும் அடிபட்ட மாவட்டம் இது. மனம் உடைந்தவர்களை எப்படிப் பார்ப்பது என்று இங்கே நிறையப் பேர் கற்றிருக்கிறார்கள். அவர்களில் சிலர் உங்கள் கட்டடத்திலேயே கிளினிக் வைக்கிறார்கள். டொக்டர் அந்தக் கிளினிக் வரிசையில் இருந்தால் சனம் என்ன நினைக்கும் என்று தயங்குவீர்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை எந்த நேரத்திலும் எடுக்கலாம்.

ஒரு மரணத்துக்குப் பிறகு, கூட நின்ற தாதி மிஸ்ஸியோடு ஐந்து நிமிடம் இருந்து ஒரு பிளேன்டீ குடியுங்கள். என்ன செய்தோம், இன்னும் என்ன செய்திருக்கலாம் என்று பேசுங்கள். டிக்கட் ஐந்து நிமிடம் காத்திருக்கும்.

அம்மா விசயம். அவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வயது, சம்பளம், லீவு கிடைக்காதது. கதைப்பதற்கு அவரிடம் இருக்கும் ஒரே பேச்சு கலியாணம். ஒருநாள் நீங்களாக எடுத்து, “அம்மா, இண்டைக்கு ஒரு பிள்ள செத்துப் போச்சு” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பிள்ளை பெற்றவருக்கு அதற்கு மேல் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சம்பந்தத்துக்கு ஓம் என்பதும் இல்லையென்பதும் பிறகு. வரப்போகிறவர் உங்கள் ஓன்கோல் நாட்களை ஏற்றுக்கொள்கிறவரா என்பதை மட்டும் முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளிநாடு போவது பிழையென்று நான் சொல்லமாட்டேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த நாட்டில் மருந்துக்கும் சம்பளத்துக்கும் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். போனவர்களைத் துரோகி போலப் பேசுகிறவர்களில் பலர், ஓ.பி.டி. வரிசை நகரவில்லையென்று டொக்டரிடம் சண்டைக்குப் போகிறவர்கள். ஆனால் அந்த முடிவை இரவு ட்யூட்டி முடிந்த காலையில் எடுக்காதீர்கள். வடிவாகத் தூங்கி எழும்பின ஒரு நாளில் எடுங்கள். அப்போதும் போகத்தான் மனம் சொன்னால், போய் வாருங்கள்.

இனிக் கொப்பி. எழுதுங்கள், நிறுத்தவே வேண்டாம். வெளியிடுவதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள். பெயரை மாற்றினால் போதும் என்று கொழும்பில் இருக்கிறவர் நினைக்கலாம். எங்கள் பக்கத்தில் தாய்வழியில் என்ன குடி, எந்தக் கோயில், வயல் எந்த வட்டையில் என்று மூன்றைச் சொன்னால் ஆள் யாரென்று சந்தைக்கு வருகிற கிழவிகூடச் சொல்லிவிடுவார். அந்தத் தாய் தன் பிள்ளையின் கடைசி நேரத்தை உங்கள் கதையில் வாசித்து அறியக் கூடாது. நோயாளி உங்களிடம் சொன்னது அவருடைய சொத்து. நீங்கள் அந்த வைத்தியசாலையை விட்டு மாறிப் போய்க் காலம் கடந்த பிறகு, உங்கள் கை என்ன செய்தது, உங்கள் மனம் எங்கே ஓடியது என்பதை எழுதுங்கள். அது முழுக்க உங்களுடையது.

ஆனால் ஒரு பக்கம் இப்போதே எழுதலாம், அதில் ஒருவருடைய கதையும் வராது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதை எங்கள் தாய்மார் பலர் இன்னும் அறியவில்லை. சூடு இறங்கிய பிறகுதான் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும், ஒன்றிரண்டு நாள் அது ஓடும், வெளியில் பார்த்தால் பிள்ளை தேறி வருவது போல இருக்கும். வயிற்று நோ, விடாத வாந்தி, கைகால் குளிர்வது, சலம் (சிறுநீர்) குறைவது, பல் முரசில் இரத்தம், இதில் ஒன்றைக் கண்டாலும் ஓட வேண்டும். பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல், நோ குளிசை கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் நான் எழுதினால் அறிவித்தல் பலகை போல இருக்கும். வாட்டில் ஒரு தாயிடம் நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ அதே பேச்சில், “இஞ்ச பாருங்கம்மா” என்று தொடங்கி எழுதி அனுப்புங்கள். கார்த்திகை மழை தொடங்க முன்னம் கிடைத்தால் நல்லது. பெயரில்லாமல் இங்கேயே போடுகிறேன். பாடசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் பிரதி எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
அக்கா