வெயில் இருக்கிறது, பேட்டரி ஏன் நிறையவில்லை?

கேள்வி: வீட்டில் 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர், 3 கிலோவாட் சோலார் பேனல், 51.2 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி ஒன்று இருக்கிறது. நாள் முழுக்க நல்ல வெயில் அடித்தாலும் மாலை 6 மணிக்கு பேட்டரி 60 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. இரவு 10 மணிக்கு கரண்ட் போனால் 25-ல் நிற்கிறது. போன வாரம் அங்கிருந்து அரை மணி நேரத்தில் எல்லாம் அணைந்துவிட்டது. பேனலைக் கூட்ட வேண்டுமா, இன்னொரு பேட்டரி வாங்க வேண்டுமா? வீட்டில் இருக்கும் 2 கேவிஏ ஜெனரேட்டரை இதோடு சேர்த்துக்கொள்ளலாமா? நண்பகலில் இன்வெர்ட்டர் திரையை எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: எதையும் வாங்க வேண்டாம், முதலில் அந்தப் படத்தைப் பார்ப்போம். மதியம் 12.30 மணி. பேனலிலிருந்து வருவது 1120 வாட். வீட்டு லோடு 540 வாட். பேட்டரிக்குப் போவது 10 ஆம்பியர்.

3 கிலோவாட் பேனல் உச்சி வெயிலில் 2200 வாட்டாவது தர வேண்டும். உங்களுடையது பாதிதான் தருகிறது. இதைப் பார்த்ததும் தூசி, நிழல், பேனல் கோளாறு என்றுதான் பலரும் தேடப் போவார்கள். ஆனால் பேட்டரி பக்கத்து எண்ணைக் கவனியுங்கள், சரியாக 10. மேகம் வந்து போகும் வானத்தில் சார்ஜிங் கரண்ட் இப்படி ஒரே எண்ணில் நிற்காது. இன்வெர்ட்டரின் அமைப்பில் (செட்டிங்ஸில்) யாரோ வைத்த வரம்பு அது. 10 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 530 வாட். லோடுக்கு 540, இன்வெர்ட்டர் தானே தின்பது 50 வாட் அளவு. கூட்டினால் 1120 வந்துவிடுகிறது. பேனல் தரத் தயாராக இருக்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. போக இடம் இல்லாத கரண்டை இன்வெர்ட்டர் பேனலிடமிருந்து எடுப்பதே இல்லை.

அமைப்புப் பட்டியலில் 'அதிகபட்ச சார்ஜிங் கரண்ட்' என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் சோலார், மெயின் லைன் இரண்டும் சேர்ந்த மொத்த வரம்பு அது. மெயின் லைனிலிருந்து மட்டும் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு இன்னொரு எண் தனியாக இருக்கும். மொத்த வரம்பை 40-க்கு உயர்த்துங்கள். 100 ஏஎச் லித்தியம் பேட்டரிக்கு 50 ஆம்பியர் வரை பொதுவாக வசதியான அளவுதான், ஆனாலும் உங்கள் பேட்டரியின் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணே கடைசி வார்த்தை. மெயின் லைன் கரண்ட் 10-லேயே இருக்கட்டும், அது பிறகு உதவும்.

மாற்றியதும் அரை மணி நேரம் பக்கத்தில் இருங்கள். பேட்டரிக் கம்பி லக்கில் (போல்ட் போட்டு இறுக்கும் உலோக முனையில்) சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, உறையின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டால் லக் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தெரிந்தவரை வைத்து இறுக்க வேண்டும். இந்த விஷயத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். வீட்டு பேட்டரியில் நான் பார்த்த கருகல்களில் பலவும் இந்த ஒரு போல்ட்டில் தொடங்கியவை.

வரம்பை உயர்த்திய பிறகும் நண்பகலில் பேனல் 1100-ஐத் தாண்டவில்லை என்றால் அப்போது நிழலையும் இணைப்புகளையும் பார்க்கலாம். பேட்டரி நிறைந்துவிட்டாலும் பேனல் எண் இறங்கும், அதையும் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

அடுத்து, 25 காட்டிய பேட்டரி அரை மணியில் ஏன் அணைந்தது? இதுவும் அந்த 10 ஆம்பியரின் வேலையாகவே எனக்குத் தெரிகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 30 முதல் 70 சதவீதம் வரை மொத்த வோல்டேஜ் ஏறத்தாழ ஒரு வோல்ட்தான் மாறும். அதை வைத்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. அதனால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை) போகும் வரும் ஆம்பியரை எண்ணிக்கொண்டே இருக்கிறது. எண்ணுவதில் சிறுசிறு பிழைகள் சேரும். பேட்டரி முழுக்க நிறையும்போதுதான் 'இதுதான் 100' என்று அது தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். செல்கள் சமமாவதும் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். உங்கள் பேட்டரி மாதக்கணக்கில் 100-ஐப் பார்த்திருக்காது. இரண்டு மூன்று நாள் முழுதாக நிரப்பி, ஒரு மணி நேரமாவது அப்படியே விடுங்கள்.

அப்புறம் இன்வெர்ட்டர் திரையும் பேட்டரி திரையும் ஒரே சதவீதம் காட்டுகிறதா என்று பாருங்கள். வேறு வேறாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே தகவல் கேபிள் இல்லை, அல்லது பேட்டரி வகை தவறாகத் தேர்வாகியிருக்கிறது. லெட் ஆசிட் வகையில் இருந்தால் இன்றே மாற்றுங்கள். அந்த வகையில் வரும் ஈக்வலைசேஷன், அதாவது அவ்வப்போது வோல்டேஜை வேண்டுமென்றே உயர்த்தி சார்ஜ் செய்வது, லித்தியத்துக்கு ஆகாது. இதைப் படிக்கும் லெட் ஆசிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே சொன்ன ஆம்பியர் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு ஏஎச்-ல் பத்தில் ஒரு பங்கு, 150 ஏஎச்-க்கு 15 ஆம்பியர் போதும். பேட்டரி இருக்கும் இடத்தில் காற்றோட்டமும் கட்டாயம்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் பேட்டரிக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறீர்கள். ஒன்று, மாலையில் மெயின் லைனுக்குப் பதிலாக வீட்டை ஓட்டிக் கட்டணத்தைக் குறைப்பது. இன்னொன்று, கரண்ட் போனால் கைகொடுப்பது. இன்வெர்ட்டர் எஸ்பியு முறையில் இருக்கிறது, அதாவது முதலில் சோலார், அடுத்து பேட்டரி, கடைசியில்தான் மெயின் லைன். எத்தனை சதவீதத்தில் மெயின் லைனுக்குத் திரும்ப வேண்டும் என்பது உங்களிடம் 20-ல் இருக்கிறது. அதனால் கரண்ட் போகும் நேரத்தில் பேட்டரி தன் முதல் வேலையை முடித்துக் களைத்திருக்கிறது.

எவ்வளவு ஒதுக்கி வைப்பது? 4 மணி நேரத்துக்கு விளக்கு, மின்விசிறி, ரௌட்டர், ஃப்ரிட்ஜ் என்று சராசரி 300 வாட் வைத்துக்கொள்வோம். அது 1.2 யூனிட். இன்வெர்ட்டரின் சொந்தச் செலவும் மாற்றத்தில் போகும் இழப்பும் சேர்த்தால் 1.5 யூனிட். உங்கள் பேட்டரி மொத்தம் 5.12 யூனிட், ஆக ஏறத்தாழ 30 சதவீதம். அடியில் தொடாமல் விட 15. கூட்டினால் 45, நான் 50 என்று வைப்பேன். கரண்ட் இருக்கும்போது 50-ல் மெயின் லைனுக்குத் திரும்பட்டும். கரண்ட் இல்லாதபோது 15 வரை போகலாம். இவை இரண்டும் தனித்தனி எண்கள், ஒன்றை மாற்றி மற்றதை மறந்துவிடாதீர்கள்.

பாதியைப் பூட்டி வைத்தால் சேமிப்பு போய்விடுமே என்று தோன்றும். இதுவரை தினமும் 60-லிருந்து 20 வரை, 2 யூனிட் பயன்படுத்தினீர்கள். இனி 100-லிருந்து 50 வரை, 2.5 யூனிட். ஒதுக்கியும் கூடுதலாகவே கிடைக்கிறது. வெயில் நாளில் மதியத்துக்கு முன்பே பேட்டரி நிறைந்தால் வாஷிங் மெஷினை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டருக்கு வருவோம். தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் எங்கே சேர்ப்பது என்பதில் விளையாடக் கூடாது. இன்வெர்ட்டரின் அவுட்புட் பக்கம் ஒருபோதும் கூடாது. ஜெனரேட்டருக்கென்று தனி வாய் இருந்தால் அதில், இல்லையென்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (மெயின் லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைப்பது) போட்டு மெயின் லைன் உள்ளே வரும் வழியில். சுவிட்ச் இல்லாமல் இணைத்தால் உங்கள் ஜெனரேட்டரின் கரண்ட் தெருக் கம்பிக்குப் போகும், அங்கே கம்பத்தில் ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

2 கேவிஏ ஜெனரேட்டரில் நிம்மதியாக எடுக்கக்கூடியது 1300 வாட் அளவு. வீட்டு லோடு 500 போக 800 மிச்சம், அதாவது 15 ஆம்பியர். மெயின் லைன் சார்ஜிங்கை 10-லேயே விடச் சொன்னது இதற்காகத்தான். 40-ல் இருந்தால் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆனதும் திணறி நின்றுவிடும். 10 போதவில்லை என்றால் 15 வரை ஏற்றலாம். ஓடுகிறது, ஆனாலும் இன்வெர்ட்டர் ஏற்க மறுக்கிறது என்றால் உள்ளே வரும் வோல்டேஜ் எல்லையை 'அப்ளையன்ஸ்' என்ற அகலமான அமைப்புக்கு மாற்றிப் பாருங்கள். சிறிய ஜெனரேட்டரின் வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் ஆடும், குறுகிய எல்லையில் அது தேறாது. ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்கு எட்டத்தில் ஓடட்டும், அதன் புகை உயிரை வாங்கும்.

நள்ளிரவில் ஓட்ட நேர்ந்தால் 100 வரை காத்திருக்க வேண்டாம். 15-லிருந்து 50 வரை ஏற 1.8 யூனிட், 15 ஆம்பியரில் இரண்டேகால் மணி நேரம். அதோடு நிறுத்திவிடுங்கள், மிச்சத்தைக் காலை வெயில் நிரப்பட்டும்.