எழுந்ததும் தலைசுற்றல்: ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 74. பல ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் பிரிவதில் சிரமம் இருந்ததால், அண்மையில் அதற்கும் ஒரு மாத்திரை சேர்க்கப்பட்டது. சில வாரங்களாக, இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் கண் இருட்டித் தள்ளாடுகிறார். ஒருமுறை சுவரோரமாகச் சரிந்து விழுந்துவிட்டார். உட்காரவைத்துப் பார்த்தால் அழுத்தம் 130/80 என்றே இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரைதான் காரணம், நிறுத்திவிடுங்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். சில வகை ரத்த அழுத்த மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் அழுத்தம் முன்பைவிட வேகமாக எகிறலாம். இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியும் வரலாம். அதே சமயம், உட்கார்ந்த நிலையில் 130/80 இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் கூடாது. தங்கள் தந்தைக்குத் தொல்லை வருவது எழுந்து நிற்கும்போது. அந்த நேரத்து அழுத்தத்தை இதுவரை யாரும் அளக்கவில்லை என்றே தங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் புவியீர்ப்பால் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை உடனே கண்டுகொண்டு, இதயத்தை வேகமாகத் துடிக்கச் செய்து, ரத்தக் குழாய்களையும் இறுக்குவதால்தான் மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் இருக்கிறது. வயது ஏற ஏற இந்த அனிச்சைச் செயல் மந்தமாகிறது. நீண்ட கால நீரிழிவு, பார்க்கின்சன் நோய் போன்றவை அதை இயக்கும் நரம்புகளையே பழுதாக்குகின்றன. இந்தக் கோளாறு 'நிலைமாற்றத் தாழ் ரத்த அழுத்தம்' எனப்படுகிறது. வயதானால் தலைசுற்றத்தான் செய்யும் என்று இதை ஒதுக்கிவிடுபவர்கள்தான் அதிகம். இடுப்பு எலும்பு முறிந்த பிறகே பலருக்கு இது கண்டுபிடிக்கப்படுகிறது.

இதை வீட்டிலேயே அளக்கலாம். அவரை 5 நிமிடம் அமைதியாகப் படுக்கவைத்து ஒருமுறை அளவெடுங்கள். பிறகு எழுந்து நிற்கச் செய்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மீண்டும் எடுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் இந்தக் கோளாறு இருக்கிறது என்று கொள்ளலாம். நிற்கும்போது ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். தலை சுற்றினால் உடனே படுக்கவைத்துவிடுங்கள். காலையில் எழுந்தவுடன் ஒருமுறை, மாத்திரை சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து ஒருமுறை என்று சில நாள்கள் எழுதி வைத்தால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

உறவினர்கள் சந்தேகப்படுவது பழைய மாத்திரையை. என் சந்தேகம் புதிய மாத்திரையின் மீது. புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் டாம்சுலோசின் வகை மருந்துகள் சிறுநீர்ப் பாதையின் தசைகளைத் தளர்த்துவதோடு ரத்தக் குழாய்களையும் ஓரளவு தளர்த்தக்கூடியவை. ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது, உட்கார்ந்திருக்கையில் தெரியாத வீழ்ச்சி நிற்கும்போது வெளிப்படுகிறது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, நெஞ்சுவலிக்கான நைட்ரேட், மனச்சோர்வு மருந்து ஆகியவையும் இதைச் செய்யும். தூக்க மாத்திரை தன் பங்குக்குத் தள்ளாட்டத்தைக் கூட்டும். எதை மாற்றுவது, எதன் அளவைக் குறைப்பது, எந்த வேளைக்குத் தள்ளிவைப்பது என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். தந்தை எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும், பிறர் சொல்லி வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரையைக் கூச்சத்தால் பலர் சொல்வதில்லை. அதுவும் அழுத்தத்தை இறக்கக்கூடியது, நைட்ரேட்டுடன் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இரவில் எழ வேண்டியிருக்கிறதே என்று முதியவர்கள் பகல் முழுவதும் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். உடலில் நீர் குறைந்தால் தலைசுற்றல் கூடத்தான் செய்யும். இதயமோ சிறுநீரகமோ பழுதடைந்து நீரைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தாலன்றி, பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, படுப்பதற்கு முந்தைய 2 மணி நேரத்தில் மட்டும் குறைத்துக்கொள்வதே சரி. மாலையில் பாதம் வீங்குபவராக இருந்தால் பிற்பகலில் சிறிது நேரம் காலை உயர்த்திப் படுக்கட்டும். காலில் தேங்கிய நீர் படுத்த பிறகு சிறுநீராக இறங்குவதும் இரவில் அடிக்கடி எழுவதற்கு ஒரு காரணம். உப்பைக் கூட்டினால் அழுத்தம் ஏறும் என்று யாராவது சொன்னால், அதை அவருக்குச் செய்ய வேண்டாம்.

எழும் முறையையும் மாற்ற வேண்டும். படுத்தபடியே பாதங்களை மேலும் கீழுமாகப் பலமுறை அசைத்து, பிறகு கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து, கை விரல்களை இறுக்கி மூடித் தளர்த்தி, அதன் பின்னர் எதையாவது பிடித்துக்கொண்டு எழ வேண்டும். சிறுநீரை உட்கார்ந்தே கழிக்கட்டும். கட்டிலருகே சிறுநீர்க் குடுவை இருந்தால் இன்னும் நல்லது. வயிறு நிறையச் சாப்பிட்ட பின்னும் வெந்நீர்க் குளியலுக்குப் பின்னும் இதே கவனம் தேவை.

எழாமல், படுக்கையில் புரளும்போதே அறை முழுவதும் சுழல்வதுபோல் இருக்கிறது என்று அவர் சொன்னால் அது உள்காதுக் கோளாறாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை வேறு. நினைவிழந்து விழுவது, நெஞ்சுவலி, படபடப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, மலம் கறுத்துப் போவது இவற்றில் எது இருந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால், விழுந்து தலையில் அடிபட்ட பிறகு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் பல மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டும்.