கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் வரை: வரைபடம் போடுகிறவர்களுக்கு

கேள்வி: கூவம், அடையாறு கரைகளில் வீடுகள் இடிக்கப்பட்டதை எங்கள் பகுதி மக்களுக்கு விளக்கப் போஸ்டர் தயாரிக்கிறோம். மாநகராட்சி வார்டு வரைபடத்தில், வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கைக்கேற்ப நிறம் தீட்டினோம். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லையே, ஏன்? (வாசகி, சைதாப்பேட்டை)

பதில்: வார்டு வரைபடத்தை எடுத்ததிலேயே சிக்கல் இருக்கிறது. வெளியேற்றப்பட்டவர்களில் பலரைக் குடியமர்த்திய பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் இல்லை. அது செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. 200 வார்டுகளோடு படம் முடிந்தால், மக்கள் போய்ச் சேர்ந்த இடம் தாளுக்கு வெளியே போய்விடும். இடித்த இடம் மட்டும் தெரியும். அந்தக் குடும்பங்கள் என்ன ஆயின என்பது தெரியாது. அதைக் காட்டத்தானே போஸ்டர்?

படத்தைத் தெற்கே நாவலூர் வரை நீட்டுங்கள். வார்டு எல்லையை மெல்லிய சாம்பல் நிறக் கோடாக்கிவிட்டு ஆறுகள், பாலங்கள், ரயில் பாதை, பழைய மாமல்லபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) ஆகியவற்றைத் தெளிவாக விடுங்கள். தன் இடத்தை யாரும் வார்டு எண்ணை வைத்துத் தேடுவதில்லை. பாலத்தையும் பஸ் ஸ்டாப்பையும் வைத்துத்தான் தேடுவார்கள்.

பிறகு ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் மறுகுடியமர்வு இடத்துக்கு ஒரு கோடு இழுங்கள். ஏ3 தாளில் 100 குடும்பத்துக்கு அரை மில்லிமீட்டர் தடிமன் சரியாக இருக்கும். 50 குடும்பத்துக்குக் கீழே வந்தால் கோடு ஜெராக்ஸில் மறைந்துபோகும்; பக்கத்துக் குடியிருப்போடு சேர்த்து ஒரே கோடாகப் போடுங்கள்.

தூரத்தை எழுதும்போது கவனம் தேவை. மயிலாப்பூரிலிருந்து பெரும்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 16 கிலோமீட்டர். வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இந்த எண்ணால் பயனில்லை. விடியற்காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை பஸ் மாற வேண்டும், வேலை வீட்டை எப்போது எட்டுவார் என்பதை ஒரு வாரநாளில் பஸ்ஸில் போய்ப் பார்த்து, கோட்டின் மேலேயே எழுதுங்கள். போஸ்டரில் மக்கள் முதலில் படிப்பது அதைத்தான்.

இன்னொன்று: 2011-இல் மாநகராட்சி விரிவாக்கப்படுவதற்கு முன் 155 வார்டுகள்தான். பழைய ஆவணத்து வார்டு எண்ணை இன்றைய படத்தில் அப்படியே பொருத்தினால் இடம் மாறிவிடும். குடியிருப்பின் பெயரை வைத்தே குறியுங்கள்.

கேள்வி: வெளியேற்றப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (முன்பு குடிசை மாற்று வாரியம்) தரும் எண், செய்தித்தாள் எண், நாங்கள் எடுத்த கணக்கு மூன்றும் ஒத்துப்போகவில்லை. எதைப் போடுவது? (வாசகர், சிந்தாதிரிப்பேட்டை)

பதில்: மூன்றும் வெவ்வேறு பொருளை எண்ணியிருக்கலாம். ஒன்று வீட்டை, இன்னொன்று குடும்பத்தை, மற்றொன்று ஆட்களை. ஒரே கூரையின் கீழ் அப்பா, கல்யாணமான மகன் என இரண்டு ரேஷன் கார்டு இருந்தால் அது ஒரு வீடு, இரண்டு குடும்பம். ஆகவே குடும்பம் என்ற ஒரே அலகை வைத்துக்கொண்டு, கணக்கெடுக்கப்பட்டவை, இடிக்கப்பட்டவை, வீடு ஒதுக்கப்பட்டவை என்று மூன்று பட்டைகளாக, ஒன்றன் கீழ் ஒன்றாகப் போடுங்கள். முதல் பட்டைக்கும் மூன்றாவதற்கும் நடுவே விழும் இடைவெளியில் இருப்பவர்கள் வீடு கிடைக்காமல் போனவர்கள். அதை நிரப்பாமல் வெறும் கோட்டுக் கட்டமாகவே விட்டு, எண்ணை எழுதுங்கள்.

தகவல் பெறும் உரிமைச் சட்ட மனுவில் (10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில்) "எத்தனை பேர்" என்று மட்டும் கேட்டால் ஒற்றை எண்தான் வரும். குடியிருப்பு வாரியாகக் கணக்கெடுப்புத் தேதி, இடிப்புத் தேதி, ஒதுக்கிய இடம், ஒதுக்கீட்டு எண்ணிக்கை என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

கட்டிய வீடுகளின் எண்ணிக்கையை வெளியேற்றப்பட்டோர் எண்ணிக்கையாகக் காட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகர், எழில் நகர் இரண்டிலுமாக 23,000-க்கும் மேற்பட்ட வீடுகள் உண்டு; அவற்றில் சுனாமியில் வீடிழந்தவர்களும் குடியேறினார்கள். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எவிக்‌ஷன் லேப், வாடகைதாரரை வெளியேற்றக் கோரித் தொடுக்கப்பட்ட வழக்குகளையும் அவற்றில் தீர்ப்பானவற்றையும் இதேபோல் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே வைக்கிறது. ஒரே வாடகைதாரர் மீது ஓராண்டில் பல வழக்குகள் வருவது அங்கே சகஜம்.

இடிப்புத் தேதிகள் கிடைத்துவிட்டால், எந்த மாதத்தில் இடித்தார்கள் என்று காட்டும் மாதக் கட்டமும் போடுங்கள். ஜனவரியில் தொடங்காமல் ஜூனில் தொடங்குங்கள். பள்ளி நடக்கும் மாதங்களுக்கு மேலே ஒரு பட்டை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கு ஒரு பட்டை. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் இடித்தார்களா, அடைமழையில் இடித்தார்களா என்பது பார்த்த உடனே தெரியும்.

படத் தலைப்பில் "ஆக்கிரமிப்பு அகற்றம்" என்று போடாதீர்கள். அது நோட்டீஸில் வரும் சொல். அங்கே பிறந்து வளர்ந்தவர் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் விலகிப் போய்விடுவார். இன்னும் இடிக்கப்படாத பகுதியில் தனித்தனி வீட்டுக்குப் புள்ளி வைக்கவும் கூடாது. பட்டா, அடையாளச் சான்று இல்லாதவரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் சரியாகத் தெரியும் தமிழ், பிடிஎஃப் ஆனதும் கொம்பும் காலும் பிரிந்துபோகிறது. (வாசகர், மதுரை)

பதில்: பழைய பாமினி வகை எழுத்துருவை விட்டுவிட்டு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாறுங்கள். ஏற்றுமதி செய்யும்போது எழுத்தை வடிவக் கோடாக மாற்றும் தெரிவைப் போட்டால் பிரியாது. அளவு 11 புள்ளிக்குக் கீழே வேண்டாம். அதைவிடச் சிறிதானால் ஜெராக்ஸில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி.