வாசகர் கேள்வி பதில்: எலியாவுக்கு வந்த காகம் எங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: என் கணவர் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். கடையை மூடிவிட்டார்கள், மாதக்கணக்காக வேலை இல்லை. நகை அடகில் இருக்கிறது, சந்திக் கடைக் கொப்பியிலும் கடன் ஏறுகிறது. செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறேன். செபக் குழுவில் கஷ்டத்தைச் சொன்னபோது, "காகத்தை அனுப்பி எலியாவுக்குச் சாப்பாடு கொடுத்தவர் உங்களுக்குத் தராமல் விடுவாரா, விசுவாசம்தான் போதாது" என்றார் ஒருவர். அதற்குப் பிறகு செபிக்கவே கூச்சமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை)

பதில்: தங்கச்சி, அப்படிச் சொன்னவர் இறைவாக்கினர் எலியாவின் கதையைப் பாதியிலேயே மூடிவிட்டார். விவிலியத்தில் 1 அரசர்கள் 17ஆம் அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். காகங்கள் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன, சரி, ஆனால் கொஞ்ச நாளில் மழையில்லாமல் அவர் தண்ணீர் குடித்துவந்த ஓடையே வற்றிப்போகிறது. எலியாவுக்கு விசுவாசம் குறைந்ததால் வற்றியது என்று அங்கே ஒரு வரிகூட இல்லை, நாடே காய்ந்து கிடந்தது, அவருக்கும் அதே கதிதான்.

அதற்குப் பிறகு ஆண்டவர் அவரை எங்கே அனுப்பினார்? பணக்காரர் வீட்டுக்கு அல்ல. சீதோன் நாட்டில் சாரிபாத்து என்ற ஊரில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கைம்பெண்ணிடம். அவளிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், அதைச் சுட்டு மகனும் தானும் சாப்பிட்டுவிட்டுச் சாகலாம் என்றிருந்தாள். அந்தப் பெண்ணிடம் இறைவாக்கினர் வாய் திறந்து கேட்கிறார், முதலில் தண்ணீர், அப்புறம் அப்பம். அந்நிய நாட்டில், முன்பின் தெரியாத ஏழையிடம் கேட்பதற்கு அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூட்டை மூட்டையாக மாவு வந்து இறங்கியதாகவும் சொல்லவில்லை. பானையில் மாவு தீரவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு என்ன என்று அந்தத் தாய் தினமும் பானைக்குள் எட்டிப் பார்த்திருப்பாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இரண்டு அதிகாரம் தள்ளி அதே எலியா ஒரு செடியின் கீழே படுத்து, "போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். அப்போது வந்த வானதூதர் விசுவாசத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றார். தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் பக்கத்தில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தவரைத் தூங்க விட்டு, இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தார். கடவுளின் இரக்கம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த இடம்தான். களைத்துக் கிடந்தவனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. உங்கள் செபக் குழுக்காரர் யாக்கோபு திருமுகம் 2ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை புரட்டினால் நல்லது, பசித்தவரிடம் வெறும் வாயால் ஆசி சொல்லி அனுப்புகிறவர்களுக்கு அங்கே யாக்கோபு சரியாகக் கொடுத்திருக்கிறார்.

ஆகவே செவ்வாய்க்கிழமை போவதை நிறுத்தாதீர்கள், செபத்தில் அழ வேண்டும் என்றால் அழுங்கள். கூடவே மனிதரிடமும் கேளுங்கள். பங்குச் சுவாமியைத் தனியாகச் சந்தியுங்கள். உங்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் டி போல் சபை இருந்தால் அவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள், வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அவர்கள் வழக்கம், கோவிலில் பெயர் வாசிக்கமாட்டார்கள். 2023இல் சமுர்த்திக்குப் பதிலாக வந்த அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிக்கு விண்ணப்பித்தீர்களா என்று எழுதவில்லை, இல்லையென்றால் கிராம சேவகரிடம் போய்க் கேளுங்கள். அடகுச் சீட்டில் தவணை முடியும் திகதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், வட்டியை மட்டுமாவது கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று விசாரியுங்கள், விட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும். இதெல்லாம் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், எலியாவும் கேட்டுத்தான் சாப்பிட்டார் என்று சொல்லுங்கள்.

கேள்வி: பாலைநிலத்தில் இஸ்ரயேலருக்குக் கடவுள் தந்த மன்னா உணவை மறுநாளுக்கு வைத்தபோது அதில் புழு பிடித்ததே, அப்படியானால் நான் சீட்டுக் கட்டுவது பிழையா? (ஒரு வாசகர், வத்தளை)

பதில்: அதே விடுதலைப் பயணம் 16ஆம் அதிகாரத்தில், ஆறாம் நாள் இரண்டு மடங்கு எடுத்து ஓய்வு நாளுக்கு வைக்கச் சொல்லியிருக்கிறதே, அது கெட்டுப்போகவில்லை. எகிப்தில் யோசேப்பு ஏழு வருடம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கச் சொன்னதால்தான் பஞ்சத்தில் ஊரே சாப்பிட்டது. தாராளமாகச் சீட்டுக் கட்டுங்கள், பிடிக்கிறவர் நம்பிக்கையான ஆளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.