தண்டையார்பேட்டை சிஸ்டருக்கு: ரெஜிஸ்டர் பண்ண முடியாது, ஆனா ஜாயிண்ட் அக்கவுண்ட் முடியும்

நீங்களும் உங்க தோழியும் கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணப் போனப்ப ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு பொண்ணுங்க ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல (மதம் பாக்காம கல்யாணம் பதிவு பண்ற சட்டம்) ரெஜிஸ்டர் பண்றது இப்போதைக்கு முடியாது. ஆபீஸ்ல திருப்பி அனுப்புனது கடுப்பா இருந்தாலும் சட்டப்படி அவங்க சொன்னது சரிதான். 2023 அக்டோபர் 17ல சுப்ரீம் கோர்ட் சுப்ரியோ கேஸ்ல (ஒரே பாலினத்தவர் கல்யாணத்துக்கு அங்கீகாரம் கேட்டுப் போட்ட வழக்கு) அது பார்லிமென்ட் வேலைன்னு கைய விரிச்சுடுச்சு, சீராய்வு மனுவும் 2025 ஜனவரில தள்ளுபடி.

"ஹைகோர்ட்டே ஒத்துக்கிச்சே"ன்னு கேட்டிருக்கீங்க, நீங்க பாத்தது 2025 மே மாச மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்பா இருக்கும். அது வீட்ல அடைச்சு வெச்சிருந்த பொண்ணுக்காக அவங்க தோழி போட்ட ஆட்கொணர்வு மனு, அதாவது அடைச்சு வெச்ச ஆள கோர்ட் முன்னாடி கொண்டு வரச் சொல்லிக் கேக்குறது. கல்யாணம் பண்ணாமயும் குடும்பமா வாழலாம்னு சொன்னாங்க, நல்ல தீர்ப்பு, ஆனா சர்டிபிகேட் தராது. நாளைக்கு உங்க வீட்ல யாராவது மிரட்டுனா, போலீஸ் பிரிச்சு கூட்டிட்டுப் போகப் பாத்தா, அப்ப இதுதான் கை குடுக்கும்.

ஒண்ணு செக் பண்ணுங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் திருநம்பியா (பொண்ணா பொறந்து ஆணா தன்ன உணர்றவரா)? அப்படின்னா கதையே வேற, ஆண் பெண் ஜோடியா இப்ப இருக்கிற சட்டத்துலயே ரெஜிஸ்டர் பண்ணலாம், அதே 2023 தீர்ப்புலயே இருக்கு.

இல்லன்னா பேங்க்ல ஜாயிண்ட் அக்கவுண்ட் போடுங்க, மேனேஜர் முழிச்சா தன்பாலின ஜோடிங்க ஜாயிண்ட் அக்கவுண்ட் போடவும் ஒருத்தர ஒருத்தர் நாமினியா வைக்கவும் தடை இல்லன்னு 2024 ஆகஸ்ட்ல நிதி அமைச்சகம் விட்ட அறிவிப்ப பிரிண்ட் எடுத்து நீட்டுங்க. ஆனா நாமினி வேற வாரிசு வேற (நாமினி கைல பணம் வந்தாலும் அது சட்டப்படி வாரிசுக்குத்தான் சேரும்), அதனால ரெண்டு சாட்சி வெச்சு உயில் எழுதிடுங்க.

வக்கீல் செலவுக்கு பயப்படாதீங்க, பொண்ணுங்களுக்கு சட்ட உதவி இலவசம், வருமானம் எவ்ளோன்னு பாக்க மாட்டாங்க. உங்க ஏரியாலேயே மெட்ரோ ஏறி ஹைகோர்ட் ஸ்டேஷன்ல இறங்குனா கோர்ட் வளாகத்துல இருக்கிற சட்ட உதவி ஆபீஸ்லயே கேட்டுடலாம்.