ஹோட்டல் வாசலில் டேபிளுக்கு நிற்பவர்களிடம் காத்திருக்கும் நேரத்தை எப்படிச் சொல்வது?

'15 நிமிஷம்' என்று சொல்லி வாசலில் உட்காரவைத்த குடும்பம் முக்கால் மணி நேரம் கழித்து உங்களிடம் சண்டைக்கு வருகிறதென்றால், இனி ஒரே எண்ணைச் சொல்லாதீர்கள். '30லிருந்து 40 நிமிஷம் ஆகும் சார்' என்று கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள், சீக்கிரம் கூப்பிட்டால் யாரும் கோபப்படப் போவதில்லை.

கணக்கு தப்புவது ஏனென்றால், நீங்கள் அனேகமாக மொத்த டேபிள்களை எண்ணுகிறீர்கள். ஆறு பேர் நிற்கும்போது இரண்டு பேர் டேபிள் காலியாகி என்ன பயன்?

நேரம் சொல்லும்முன் ஹாலை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்: பில் போனது எது, ஐஸ்கிரீமில் இருப்பது எது, இப்போதுதான் சூப் வந்தது எது என்று பார்த்தாலே கணக்கு பிடிபடும், அப்புறம் டேபிள் துடைத்துப் போட ஐந்து நிமிஷம்.

பில் கட்டிவிட்டு அரட்டை அடிப்பவர்களை மட்டும் நீங்களாகப் போய் எழுப்பாதீர்கள், சர்வர்களை மேற்பார்க்கும் கேப்டனிடம் சொல்லுங்கள். முதலாளிக்குத் தெரிந்தவர் வரிசையைத் தாண்டி உள்ளே போனால் இந்தக் கணக்கெல்லாம் கவிழும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.